செலினஸ்: பணி நின்ற நகரம்

சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையிலே, கடலை நோக்கிய மேட்டு நிலத்தில், செலினஸ் என்னும் பழைய கிரேக்க நகரின் எச்சங்கள் பரந்து கிடக்கின்றன. காட்டுச் செலரிச் செடியைக் கிரேக்கர் 'செலினோன்' என்பர். அச்செடியினடியாகவே நகருக்குப் பெயர் வாய்த்தது. நகரத்தார் தம் வெள்ளி நாணயங்களிலும் அதன் இலையையே பொறித்தனர்.

கி. மு. எட்டாம் நூற்றாண்டு முதலாகக் கிரேக்கர் பலர் விளைநிலம் தேடியும் வாணிகம் கருதியும் கடல் கடந்து சென்று சிசிலியிற் குடியேறினர். இத்தகைய குடியேற்றத்தை அவர்கள் 'அபொய்க்கியா' என வழங்கினர். இல்லத்தினின்று அகன்றமைந்த குடி என்பது அச்சொல்லின் பொருள். பிற்காலப் பேரரசுகளின் குடியேற்ற நாடுகளைப் போல அது தாய்நகரின் ஆட்சிக்கு உட்பட்டதன்று. தன் சட்டமும் படையும் நாணயமும் உடைய தனியரசாகவே அது விளங்கியது. தாய்நகரோடு அதனைப் பிணைத்தவை வழிபாடும் மரபுமேயாம். செலினசோ குடியேற்றத்தின் குடியேற்றம். கிரேக்க நாட்டு மெகாரா நகரத்தார் சிசிலியின் கீழைக் கரையில் மெகாரா ஹிப்ளேயாவை நிறுவினர். அந்நகரத்தார் மேற்கே சென்று செலினசை நிறுவினர்.

அது நிறுவப்பட்ட காலத்தைப் பற்றிப் பண்டை ஆசிரியர் இருவர் வேறுபடுகின்றனர். துசிடிடிசின் கணக்குப்படி அது கி. மு. 628ஐ அண்டியது, டயடோரசின் கணக்குப்படி கி. மு. 651. இவ்வழக்கில் மட்பாண்டங்கள் சான்று கூறின. செலினசிற் கிடைத்த கொரிந்துப் பாண்டங்களை ஆராய்ந்த வல்லே, விலார் என்னும் பிரெஞ்சு அறிஞர், முந்திய காலமே பொருந்துமென 1958இல் எடுத்துக்காட்டினர். துசிடிடிசின் பெருமதிப்புடைய நூலையும் உடைந்த பானையோடு திருத்தக்கூடும் என்பதற்கு இஃதோர் உதாரணமாகும்.

ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் நகரம் செழித்தோங்கியது. அங்கெழுந்த கோயில்களை எந்தத் தெய்வத்துக்குரியவை என ஐயமின்றித் துணிதல் அரிதாகையால், அறிஞர் அவற்றை ஏ, பி, சி என எழுத்துக்களாற் குறிக்கின்றனர். 1823இல் ஏஞ்சல், ஹாரிஸ் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் இருவர் 'சி' கோயிலின் புடைப்புச் சிற்பங்களை வெளிக்கொணர்ந்தனர். கோர்கனின் தலையைப் பேர்சியஸ் கொய்யும் காட்சி அவற்றுள் ஒன்று. 'ஈ' கோயிற் சிற்பங்களில் உருவங்கள் சுண்ணக்கல்லாலும், பெண்களின் முகம், கை, கால்கள் மட்டும் வெண்பளிங்காலும் ஆனவை. இவையெல்லாம் இன்று பலர்மோ நூதனசாலையில் உள்ளன.

இவ்வாழ்வு ஒன்பது நாளில் முடிந்தது. அயல் நகரான செஜெஸ்டாவோடு செலினசுக்கு நெடுநாள் எல்லைப் பகை இருந்தது. செஜெஸ்டா முதலில் ஏதென்சின் துணையை வேண்டியது; கி. மு. 415இற் புறப்பட்ட ஏதென்சுப் படை சிரக்கூசில் அழிந்தது. பின்னர் அது கார்த்தேஜை அழைத்தது. கி. மு. 409இல் ஹனிபல் பெரும் படையோடு வந்து செலினசை முற்றுகையிட்டான். இவன் பிற்காலத்தில் உரோமரை எதிர்த்த ஹனிபல் அல்லன். 16,000 பேர் மாண்டனர், 5,000க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர், 2,600 பேர் அக்கிரகாசுக்குத் தப்பினர் என்பது டயடோரஸ் தரும் கணக்கு. ஆயின், அவர் எழுதியது முந்நூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்ட காலத்திலாம். அந்நாளின் நேர்ச்சான்றைக் கைவினைஞரின் பணியிடங்களிலேயே தேடவேண்டும்.

'ஜி' கோயில் கிரேக்க உலகின் மிகப் பெரிய கோயில்களுள் ஒன்று. அதன் நீளம் ஏறத்தாழ 113 மீற்றர். அகலம் 54 மீற்றர். மூன்று தலைமுறைக்கு மேலாகக் கட்டப்பட்டமையால் அதன் தூண்களின் பாணியே இடையில் மாறியுள்ளது. எனினும் அது நிறைவெய்தவில்லை. நகரிலிருந்து 10 கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள குசாக் கற்சுரங்கத்தில், அதற்கெனச் செதுக்கிய தூண் உருளைகள் பாறையினின்றும் பிரிக்கப்படாது இன்றும் நிற்கின்றன. உருளையைச் சுற்றி ஓராள் நின்று உளி பிடிக்குமளவு இடைவெளி வெட்டப்பட்டுள்ளது. வேறு சில உருளைகள், நகருக்குக் கொண்டுசெல்லும் வழியிலே கைவிடப்பட்டன. கி. மு. 409இன் படையெடுப்பே அப்பணியை நிறுத்தியது என அறிஞர் கொள்வர்.

2010 முதல் ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தார் நகரின் கீழ்ப்புற மதிலையொட்டிய குயவர் பகுதியை அகழ்ந்தனர். ஏறத்தாழ 80 சூளைகள் அங்கே அறியப்பட்டன. வனைந்து உலரவிட்ட பாண்டங்களும் ஓடுகளும் சூளையேறாமலே எஞ்சியிருந்தன. அவற்றை வனைந்தோர் மீண்டு வரவில்லை.

அழிவின் பின்னும் அங்கே மக்கள் வாழ்ந்தனர். கார்த்தேஜின் ஆதிக்கத்தில் உயர் நகரின் இடிபாடுகளிடையே சிறு வீடுகள் எழுந்தன. கி. மு. 250ஐ அண்டி, உரோமரோடு நிகழ்ந்த போரின்போது, கார்த்தேஜியர் அக்குடிகளை லிலிபேயத்துக்குப் பெயர்த்தனர். எஞ்சி நின்ற தூண்களைப் பின்னாளில் நிலநடுக்கம் வீழ்த்தியது. இருபதாம் நூற்றாண்டில் 'சி' கோயிலின் தூண்வரிசை ஒன்றும், 'ஈ' கோயிலின் தூண்களும் மீள நிறுத்தப்பட்டன.

காண்போர் முதலில் அத்தூண்களையே வியப்பர், அது இயல்பே. ஆயின், அவை நகரின் செல்வத்தையே கூறுகின்றன. பாறையோடு ஒட்டி நிற்கும் உருளையும் சூளை காணாத மண்கலமும் அதன் மக்களைக் கூறுகின்றன. எண்ணிக்கையாக மட்டும் வரலாற்றேட்டில் இடம்பெற்ற அம்மக்களின் கைத்தடத்தை மண்ணுக்குள்ளிருந்து மீட்பதே தொல்பொருளியலின் பெரும்பணியாகும்.