உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்!

விருதுநகர்:
"நல்லா இருந்த நாய்தான் சார், திடீர்னு புடுங்கிடுச்சு!"

நாய்க்கடி ஊசிக்கு வந்து நிற்பவர்கள் பலரும் சொல்வது இதுதான். ஆனால் திடீரென்று கடிக்கிற நாய் அபூர்வம். முதலில் உடம்பு விறைக்கும். காது பின்னால் போகும். பிறகு உறுமும். "என்னையே உறுமுறியா?" என்று தடியை எடுத்துச் சாத்தினால் அடுத்த தடவை அது உறுமாது. நேராகக் கடிதான்!

நம் மாவட்டத்து ராஜபாளையம் நாய் 2005-ல் தபால்தலையில் ஏறிய பெருமை உடையது. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. வெளி ஆளை லேசில் அண்டவிடாது. அந்த வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் வருவதுண்டு. சில குட்டிகள் பிறவிச் செவிடு! "கூப்பிட்டா வரமாட்டேங்குது, திமிரு" என்று உதை வாங்குவது காது கேளாத பிராணியாகவும் இருக்கலாம். குட்டி அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது கை தட்டிப் பாருங்கள். காது அசையாவிட்டால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

செவிட்டு நாயைப் பின்னால் இருந்து தொட்டால் பதறிக் கடிக்கும். எதிரே நின்று கையசைத்துக் கூப்பிடுங்கள். வந்ததும் ஒரு துண்டு கறி கொடுங்கள். நாலு நாளில் சைகை பிடிபட ஆரம்பிக்கும். (நாயைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கும் ஆசாமி இந்த நிருபர். கட்டியவர் பக்கத்தில் நின்றால்தான் பேட்டியே!)

சிவகாசிப் பக்கம் தொல்லை வேறு. தீபாவளி, திருவிழா, தலைவர் வருகை, எல்லாவற்றுக்கும் சரவெடி. மிரண்ட நாய் கட்டிலுக்கடியில் நுழையும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கிற கைக்குத்தான் கடி விழும். அதுவாக வெளியே வரட்டும், விட்டுவிடுங்கள். குட்டியிலேயே பழக்குவது நல்லது. சோறு வைக்கும்போது செல்போனில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாகப் போட்டு, மிரளாமல் தின்றால் நாளாக நாளாகக் கொஞ்சம் கூட்டலாம். மிரண்டால் உடனே குறைத்துவிட வேண்டும்.

ராத்திரி ஷிப்டு முடிந்து நடந்து வருகிறவரைத் தெருநாய் மறித்தால் ஓடக்கூடாது. கல்லையும் தேட வேண்டாம். கையைத் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் அப்படியே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

அப்படியும் கடித்துவிட்டால் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசிக்குக் காசு இல்லை. முதல் நாள் போட்டபின் 3, 7, 28-ம் நாட்களிலும் போட வேண்டும். ரத்தக் காயமானால் காயத்தைச் சுற்றித் தனி மருந்தும் செலுத்துவார்கள். புண் ஆறிப்போச்சே என்று 28-ம் நாள் ஊசியை விட்டுவிடாதீர்கள்.