வெளியே காயமில்லை... உள்ளே?



தெருவில் சைக்கிள் பழகும் எட்டு வயதுப் பையன் கீழே விழுகிறான். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்துகிறது. நாம என்ன செய்வோம்? தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லடா, போய் விளையாடு" என்போம். ரத்தம் இல்லை, வயிற்றில் ஒரு வட்டத் தடம் மட்டும். அந்தத் தடத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

முதல் வருடப் பாடம்தான். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஹேண்டில்பார் முனையின் பரப்பு கொஞ்சம், அழுத்தம் அதிகம். குழந்தையின் வயிற்றுத் தசை மெல்லியது. விலா எலும்பு முறியாமல் வளைந்து, அடியை உள்ளே விட்டுவிடும். கல்லீரல், மண்ணீரல் கிழியலாம். கணையமும் சிறுகுடலின் தொடக்கமும் முதுகெலும்போடு நசுங்கலாம். இதன் அறிகுறிகள் சில நாள் கழித்துக்கூட வரும்.

"பி.பி. நார்மல்தானே?" என்று கேட்டுப் பலர் ஏமாறுவது இங்கேதான். குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். 20 கிலோ குழந்தைக்கு மொத்தமே 1.6 லிட்டர். அதில் 400 மில்லி உள்ளே கசிந்த பிறகும் பி.பி. இறங்காமல் இருக்கலாம். பம்ப் வேகமாக ஓடி, குழாய்கள் சுருங்கி, கேஜ் முள்ளைத் தாங்கிப் பிடிப்பது மாதிரி! முதலில் காட்டிக்கொடுப்பவை வேகமான நாடியும் சில்லிட்ட கைகால்களும்தான்.

அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா? கதிர்வீச்சு குழந்தைகளுக்கு நல்லதல்ல. ஆகவே அமெரிக்காவின் பெகார்ன் ஆய்வுக் குழு, 20 மருத்துவமனைகளில் 12,044 குழந்தைகளைப் பார்த்து, 2013-ல் ஒரு விதியை வெளியிட்டது. டாக்டர் கவனிப்பவை ஏழு:

1. வயிற்றின் மேல் காயம் அல்லது சீட் பெல்ட் தடம்
2. நினைவு மந்தம்
3. வயிற்றை அழுத்தினால் வலி
4. மார்பின் மேல் காயம்
5. வயிறு வலிக்கிறது என்று குழந்தை சொல்வது
6. மூச்சொலி குறைவு
7. வாந்தி

இந்த ஏழும் இல்லாத 5,034 பேரில் 6 பேருக்குத்தான் உள்காயத்துக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டது. ஒன்று இருந்தாலே ஸ்கேன் என்று அர்த்தமில்லை. ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை செய்து, உள்ளே வைத்துக் கவனித்து டாக்டர் முடிவெடுப்பார். அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தாலும் அதை மட்டும் நம்பிவிட முடியாது.

உள்காயம் என்றவுடன் ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். கல்லீரல், மண்ணீரல் காயங்களில் பெரும்பாலானவை படுக்கையில் வைத்துக் கண்காணித்தாலே ஆறிவிடும். ஆனால் நேரத்தோடு போகணும்.

நாம் செய்ய வேண்டியது: வயிற்றை நீவிவிடாதீர்கள். சோடா, சாப்பாடு எதுவும் கொடுக்காதீர்கள். எப்படி விழுந்தான், எது குத்தியது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வாந்தி, சோர்வு, வலி இருந்தால் உடனே 108.

கடைசியாக ஒன்று. ரப்பர் கிரிப் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரியும் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளைக் கண்டால், கையோடு மாற்றிக் கொடுங்கள். டிப்ளமோ படிக்கும் நமக்கு அது அஞ்சு நிமிஷ வேலைதானே!