சத்தி மலையடிவாரத்தில் ஒரு பாம்புக்கடி... கேஸ் ஷீட்டோடு முடிந்துவிடலாமா? டாக்டர்களுக்குக் காத்திருக்கும் ஆய்வு நிதி!

பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிறது. சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில், தலையில் கட்டிய டார்ச் வெளிச்சங்கள் மட்டும் அங்கும் இங்கும் நகர்கின்றன. மொட்டு விரிவதற்குள் பறித்து, சத்தி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் விலை. செடிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்க யாருக்கும் நேரமில்லை.

மல்லிகைத் தோட்டம், கரும்புக்காடு, வாழைத்தோப்பு, அதற்கு மேலே புலிகள் காப்பகத்தின் அடர்ந்த காடு. இந்தப் பகுதியில் பாம்பு புது விருந்தாளி அல்ல. கடிபட்டவரை சத்தி அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். நிலைமை மோசமானால் ஈரோடு, பெருந்துறை, கோவை என்று ஆம்புலன்ஸ் பறக்கும். தாளவாடி, ஆசனூர் பக்கத்து ஆட்கள் என்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கித்தான் கீழே வர வேண்டும்.

கடிபட்ட நேரம், ஊர், எந்த இடத்தில் கடி, ரத்தம் உறைந்ததா, எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டது... எல்லாம் கேஸ் ஷீட்டில் பதிவாகும். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போவார். கேஸ் ஷீட் கட்டப்பட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போகும். அத்தோடு கதை முடிந்தது.

ஆனால், அந்தக் கட்டுக்குள் ஓர் ஆய்வும் சேர்ந்து போய்விடுகிறது என்பதுதான் விஷயம். அதை வெளியே எடுக்க நாட்டில் நிதி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. எங்கே, எப்படிக் கேட்பது என்பதுதான் பல சிறிய ஊர் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் போய்ச் சேருவதில்லை.

கண்ணாடிக் குழாய் சொல்லும் பாடம்

மருத்துவ ஆய்வு என்றாலே கோடிக்கணக்கில் மெஷின், ஏசி லேப் என்றுதான் நினைப்போம். பாம்புக்கடி சிகிச்சையில் இன்றும் முக்கியமான ஒரு சோதனைக்குத் தேவை ஒரே ஒரு கண்ணாடிக் குழாய்.

கடிபட்டவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்த்தால், உறையாமல் தண்ணீராக ஓடுகிறதா? அப்படியென்றால் விரியன் வகைப் பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம்.

1970-களில் நைஜீரியாவில் சுருட்டை விரியன் கடிக்குச் சிகிச்சை அளித்த டேவிட் வாரல் உள்ளிட்ட மருத்துவர்கள், நோயாளியின் கட்டில் அருகே செய்து பார்த்துப் பதிவு செய்த சோதனை இது. அவர்கள் அதை எழுதி வெளியிட்டதால், இன்று லேப் வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒருவரால் இதைச் செய்து பார்க்க முடிகிறது. வார்டில் எழுந்த கேள்விக்கு வார்டிலேயே கிடைத்த விடை!

இன்னும் விடை கிடைக்காத கேள்விகள்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

நம் மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன் வகைகளுக்கு இந்த மருந்து உதவாது. அது மட்டுமல்ல, ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுபடுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. அந்தப் பகுதிப் பாம்பின் விஷத்தை வைத்துத் தயாரான மருந்து, சத்தி மலையடிவாரத்துப் பாம்புக்கு எந்த அளவு வேலை செய்கிறது? எத்தனை குப்பி போதும்? கடிபட்டவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்? சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, விரலை இழந்தவர் மறுபடி பூப்பறிக்கப் போக முடிந்ததா?

இதற்கெல்லாம் விடை சொல்ல வேண்டியது இந்த ஊர் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகள்தான். சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாரும் சொல்லிவிட முடியாது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பாதிப்பாக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, ஒவ்வொரு கேஸையும் தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் என்ற கணக்கு இனி கிடைக்கும். ஆனால், ஏன், எப்படி என்ற கேள்விகளுக்கு ஆய்வுதான் வேண்டும்.

ஈரோடும் கோவையும் காட்டிய வழி

முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஈரோடு மணியன் மெடிக்கல் சென்டரின் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் சுப்பிரமணியன் செந்தில்குமரன், பாம்புக்கடி பற்றித் தொடர்ந்து சர்வதேச இதழ்களில் எழுதி வருபவர். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சக்திவேல் வையாபுரியின் குழுவோடு சேர்ந்து இவர் வெளியிட்ட கட்டுரைகள் பல.

2022-ல் வந்த ஒரு கட்டுரை, கண்ணாடி விரியன் கடிக்குப் பிறகு ரத்தக்குழாய்ச் சுவர் பழுதாகி, பலூன் போல வீங்கும் அபூர்வமான சிக்கலைப் பற்றியது. ஸ்கேன் கருவியில் பார்த்தபடியே அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, வீக்கத்துக்குள் ரத்தத்தை உறையவைப்பதுதான் அதில் விவரிக்கப்பட்ட சிகிச்சை. கேஸ் ஷீட்டோடு விட்டிருந்தால், அந்த அனுபவம் ஈரோட்டைத் தாண்டியிருக்காது. எழுதியதால், உலகில் எந்த மூலையில் இருக்கும் மருத்துவரும் இன்று அதைப் படிக்கலாம்.

கோவை கங்கா மருத்துவமனையின் கதை இன்னும் பழையது. விபத்தில் கால் எலும்பு நொறுங்கி, சதை கிழிந்து வருபவரின் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா? எலும்பு மருத்துவர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர், காயத்துக்கு மதிப்பெண் போட்டு முடிவெடுக்கும் முறை ஒன்றை உருவாக்கி, 109 பேரின் சிகிச்சை விவரங்களோடு 2006-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். கங்கா மருத்துவமனையின் பெயராலேயே அந்த மதிப்பெண் முறை இன்று அறியப்படுகிறது.

யார், எந்தக் கதவைத் தட்டலாம்?

எம்.பி.பி.எஸ் மாணவர்கள்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர், 1979 முதல் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. எஸ்.டி.எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் இரண்டு மாத ஆய்வு. அறிக்கை ஏற்கப்பட்டால் 50,000 ரூபாய் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஆன்லைனில் அறிவிப்பு வரும். ‘எங்கள் வார்டுக்கு வந்த பாம்புக்கடி நோயாளிகளில் எத்தனை பேர் முதலில் மந்திரிக்கப் போனார்கள்?’ என்பது போன்ற ஒரு சின்னக் கேள்வி போதும்.

முதுநிலை மாணவர்கள்: எம்.டி, எம்.எஸ் ஆய்வேட்டுக்கு ஐ.சி.எம்.ஆர் நிதியுதவி இருக்கிறது. எப்படியும் எழுதியாக வேண்டிய ஆய்வேடு. அதை நம் ஊர்ப் பிரச்னையைப் பற்றி எழுதினால் இரட்டை லாபம்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள்: மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகளை அமைத்திருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் பிரிவு உண்டு. கிராமப்புற ஆய்வுக்கென்றே இதே துறை அமைத்த மாதிரிப் பிரிவு ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இயங்குகிறது.

பெரிய ஆய்வுக்குத் தயாராக இருப்பவர்கள்: ஐ.சி.எம்.ஆர் வெளி நிறுவனங்களுக்குத் தரும் நிதியில் சிறிய திட்டம், நடுத்தரத் திட்டம் என இரண்டு வகை. சிறியதற்கு 2 கோடி ரூபாய் வரை, நடுத்தரத்துக்கு 8 கோடி ரூபாய் வரை கேட்கலாம். இந்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008-ல் தொடங்கிய ‘இந்தியா அலையன்ஸ்’, மருத்துவர்களுக்கென்றே தனி ஃபெலோஷிப் தருகிறது. பாம்புக்கடி ஆய்வுக்கென வெல்கம் 2019-ல் அறிவித்த தொகை மட்டுமே 8 கோடி பவுண்டு!

தனியார் மருத்துவமனைகள்: இவர்களுக்கும் வழி உண்டு. அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையிடம் ஆராய்ச்சி நிறுவனம் என்ற அங்கீகாரம் பெற்றிருப்பதை நிதி தரும் அமைப்புகள் எதிர்பார்க்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தாமதமாகிவிடும். முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று வேலைகள்

முதல் வேலை, கேஸ் ஷீட்டை ஒரே மாதிரி எழுதுவது. ஒருவர் கடிபட்ட நேரத்தை எழுதி, இன்னொருவர் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தை மட்டும் எழுதினால் இரண்டையும் ஒப்பிட முடியாது. ஒரு பக்கப் படிவம் ஒன்றை அச்சடித்து, டியூட்டி டாக்டரும் நர்ஸும் தவறாமல் நிரப்பினாலே பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

இரண்டாவது, நெறிமுறைக் குழுவின் அனுமதி. மனிதர்கள் சம்பந்தப்பட்ட எந்த ஆய்வும் இந்த அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. குழு இல்லாத சிறிய மருத்துவமனை, வேறொரு நிறுவனத்தின் குழுவோடு எழுத்துபூர்வமாக உடன்பாடு செய்துகொள்ளலாம். சத்திக்காரர்களுக்கு ஈரோடு, கோவை மருத்துவக் கல்லூரிகள் தொலைவில் இல்லை.

மூன்றாவது, பயிற்சி. ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது, கணக்கை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனிலேயே கற்றுத்தருகிறது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் முடித்தே ஆக வேண்டிய அடிப்படை ஆய்வுப் பயிற்சியும் இந்த நிறுவனம் நடத்துவதுதான். நைட் டியூட்டி முடித்துவந்து செல்போனில்கூடப் பாடத்தைப் பார்க்கலாம்.

உங்களை ஆய்வில் சேரச் சொன்னால்?

‘நம்மள சோதனை எலி ஆக்கிடுவாங்களோ’ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. அதனால் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

* ஆய்வு எதற்கு, என்ன செய்வார்கள், என்ன ஆபத்து என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

* ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் செய்யலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

* உங்கள் பெயர், முகவரி வெளியே போகக் கூடாது.

* புதிய மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019-ல் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. இப்படிப்பட்ட ஆய்வுகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

பாம்பு கடித்தால்...

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்தக் கை அல்லது காலை அதிகம் அசைக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுந்து, இமை சொருக ஆரம்பித்தால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிக்க நேரத்தை வீணாக்கவும் வேண்டாம்.

பிழைத்து வீடு திரும்பிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை பத்திரமாக வையுங்கள். ‘அதான் சரியாயிடுச்சே’ என்று விட்டுவிடாமல், டாக்டர் சொன்ன தேதியில் மறு பரிசோதனைக்குப் போங்கள். ஒருநாள் பூப்பறிக்கும் கூலி போகும்தான். ஆனால், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும். கடிக்குப் பிறகு சத்திக்காரர் ஒருவரின் உடம்பு எப்படித் தேறுகிறது என்ற விவரமும் அன்றுதான் முதல்முறையாகக் கேஸ் ஷீட்டில் ஏறும்.