பனி இருக்கிறது, வெண்மை எங்கே?

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆர்க்டிக் கடல்பனியின் பரப்பு எவ்வளவு சுருங்கியது என்ற செய்தி தவறாமல் வரும். 2012இல் அது சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியபோது, இன்னும் சில ஆண்டுகளில் வடதுருவக் கோடையில் பனியே இராது என்று பலர் எழுதினார்கள். அப்படி நடக்கவில்லை. 2025 வரை எந்த ஆண்டும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. இப்போது அதையே பிடித்துக்கொண்டு, ஆபத்து நீங்கிவிட்டது என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் பரப்பையே பார்க்கின்றன. பார்க்க வேண்டியது வெண்மையை. அதுவும் ஜூன் மாதத்தில்.

செப்டம்பர் கடைசியில் வடதுருவத்தில் சூரியன் ஏறக்குறைய அடிவானத்துக்கு வந்துவிடும். ஜூன் மூன்றாம் வாரத்திலோ நாள் முழுக்க வெயில். வளிமண்டலத்தின் உச்சியில் கணக்கிட்டால், அப்போது ஒரு நாளில் வடதுருவத்துக்குக் கிடைக்கும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பதைவிட அதிகம். புதுப்பனி போர்த்திய கடல்பனி அதில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் திருப்புவது 10 சதவீதம்கூட இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் அற்புதம். வெள்ளை வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி இழைக்குத் தனி நிறம் கிடையாது. இழைகளுக்கு இடையே காற்று இருப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. நனைத்தால் காற்று இருந்த இடத்தில் நீர் புகுகிறது, சிதறல் குறைகிறது, உள்ளே இருப்பது தெரிகிறது. பனித்துகளுக்கும் இதே கதைதான். உருகுநீர் புகுந்ததும் வெண்மை மங்கும். பிறகு நீர் குட்டை குட்டையாகத் தேங்கும். அடியில் பனி இருந்தும் அங்கிருந்து திரும்பும் ஒளி 20 முதல் 40 சதவீதம்தான்.

கடல்பனி முழுக்க உப்புநீர் நிறைந்த நுண்துளைகள். அவற்றின் வழியே குட்டை வடிந்திருக்க வேண்டாமா? உருகிய நீர் நன்னீர். பூஜ்ஜிய டிகிரியிலேயே உறைந்துவிடும். துளைக்குள் இருப்பதோ பூஜ்ஜியத்துக்குக் கீழும் உறையாத உப்புநீர். அந்தக் குளிருக்குள் இறங்கும் நன்னீர் உறைந்து துளையை அடைத்துவிடுகிறது. வேட்டிக்குக் கஞ்சி போட்டால் நெசவின் இடைவெளி அடைபடுமே, அதுபோல. பனி மேலும் சூடேறியதும் அடைப்பு திறக்கும். நீர் வடிந்த மேட்டில் காற்று புகுந்து, பிழிந்து உதறிய வேட்டியாய் வெண்மை ஓரளவு மீளும். ஆனால் வேட்டியை வெயில் உலர்த்தும்; பனியை வெயில் மறுபடியும் நனைக்கும்.

1997 அக்டோபரில் ஆர்க்டிக்கின் பியூஃபோர்ட் கடலில் ஒரு கனடியக் கப்பலை ஆய்வுக்காகப் பனியோடு உறையவிட்டார்கள். அதன் அருகே 200 மீட்டர் நீளக் கோடு ஒன்றை வகுத்து, 2.5 மீட்டருக்கு ஓரிடமாக ஆய்வாளர் டான் பெரோவிச் குழுவினர் ஒளியை அளந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த எதிரொளிப்பு, ஆகஸ்டில் 50க்கும் கீழே போயிருந்தது. அவர்கள் நின்றது அப்போதும் பனிமேல்தான்.

பல ஆண்டு முதிர்ந்த பனி மேடுபள்ளமானது. நீர் பள்ளங்களில் ஒதுங்கும். ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளம்பனி தட்டையானது. குட்டைகள் பரந்து, உச்சத்தில் பாதிக்கும் மேலான பரப்பை மூடக்கூடும். 1980களில் இருந்த முதிர்பனியில் பெரும்பகுதி இன்று இல்லை. ஆகவே பரப்பு குறையாத ஆண்டிலும் பூமி கூடுதல் வெயிலை விழுங்க முடியும்.

வெண்மை குறையக் குறைய வெயில் கூடுதலாக உறிஞ்சப்பட்டு மேலும் பனி உருகும் என்ற இந்தச் சுழற்சியை 19ஆம் நூற்றாண்டிலேயே அறிவியலாளர் ஜேம்ஸ் குரோல் சொல்லிவிட்டார். 1969இல் காலநிலை ஆய்வாளர்கள் புடிகோவும் செல்லர்ஸும் தனித்தனியே அதைக் கணக்காக்கினர். செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2014இல் அளவு சொன்னவர்கள் கிறிஸ்டினா பிஸ்டோன், இயன் ஐசன்மேன், சென்னையில் பிறந்த வீரபத்திரன் ராமநாதன். 1979க்கும் 2011க்கும் இடையே ஆர்க்டிக்கின் எதிரொளிப்பு 52 சதவீதத்திலிருந்து 48ஆகக் குறைந்தது. அதனால் கூடுதலாக உறிஞ்சப்பட்ட ஆற்றலை உலகம் முழுக்கச் சராசரியாகப் பரப்பினால், அது அதே காலத்தில் கூடிய கரியமில வாயுவின் விளைவில் கால்பங்குக்குச் சமம்.

வெண்மையை விலைக்கு வாங்கலாம் என்ற ஆசையும் எழுந்தது. பனிமேல் நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தூவும் திட்டம் ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த மணிகளும் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும்; வெயில் மிகுந்த மாதங்களில் புதுப்பனி அவற்றைவிட வெண்மையானது, எனவே உருகல் கூடும் என்று 2022இல் மெலிண்டா வெப்ஸ்டரும் ஸ்டீபன் வாரனும் காட்டினர். திட்டம் 2025இல் கைவிடப்பட்டது. உருகலைக் கூட்டும் சூடு காற்றில் சேரும் கரியமில வாயுவால் வருகிறது. அதைக் குறைக்காத எந்தத் திட்டமும் ஜூன் மாதக் குட்டைகள் பெருகுவதைத் தடுக்காது.