எழுமீனும் வடமீனும்

வடவானில் அகப்பை வடிவாய்த் தோன்றும் விண்மீன்கள் ஏழினையும் முனிவர் எழுவர் உறையும் திருமண்டிலமாகப் போற்றுதல் இந்நாட்டுப் பழைய மரபு. மரீசி, வசிட்டர், அங்கிரசு, அத்திரி, புலத்தியர், புலகர், கிரது என்போர் அவ்வெழுவர். வசிட்டர்க்குரிய மீனை அடுத்து மங்கலாய் ஒளிர்வது அவர்தம் மனைவி அருந்ததி என்ப. இம்மரபு சங்க நூல்களில் எவ்வாறு காணப்படுகின்றது, அந்நூல்கள் கற்பிற்கு உவமையாக்கும் வடமீன் யாது என்னும் இரண்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

நற்றிணையின் 231 ஆம் பாட்டு, கடற்பரப்பில் படிந்தாடும் சிறுவெண் காக்கைகளுக்கு மக்கள் கைதொழும் எழுமீனை உவமை கூறுகின்றது. ஆங்கு வழிபாடு உண்டு. முனிவர் பற்றிய குறிப்பு இல்லை. பரிபாடலின் 5 ஆம் பாட்டிலோ, முருகன் பிறப்பினைக் கூறுமிடத்து, முனிவர் எழுவரும் அவர்தம் மனைவியரும் இடம்பெறுகின்றனர். அருந்ததி ஒழிந்த அறுவரே கருவுற்றனர் என்பது அப்பாட்டின் செய்தி. வடமொழியிலும் இவ்வேழு மீன்களும் பண்டு கரடிகள் எனப்பட்டன என்று சதபதப் பிராமணம் கூறுகின்றது. ஆகவே, எழுமீன் என்னும் சொல் வந்த இடமெல்லாம் முனிவர் கதையை ஏற்றிப் பொருளுரைத்தல் முறையன்று. நற்றிணைப் புலவர் அக்கதையை அறியார் என்று துணிதற்கும் இடமில்லை. பாட்டு உணர்த்துவது தொழப்படும் தூய்மை ஒன்றே என்க.

இனி, வடமீன் என்பதனைத் துருவமீனாகக் கருதுவாரும் உளர். பெயரை மட்டும் நோக்கின் அது பொருந்துவதுபோல் தோன்றும். ஆயின், தடைகள் இரண்டு உள. இன்று துருவமீன் எனப்படுவது சற்றொப்ப 2,000 ஆண்டுகட்கு முன்னர் வடதுருவத்தினின்றும் 12 பாகை அளவு விலகியிருந்தது. புவியின் அச்சு மெல்லத் திசை மாறுதலே இதற்குக் காரணம். எனவே, அசையாமை பற்றி அதனைக் கற்பிற்கு உவமையாக்கியிருத்தல் இயலாது. மேலும், பெரும்பாணாற்றுப்படை, மறையவர் மனைவியின் கற்பிற்கு வடதிசையில் விளங்கும் சிறுமீனையே உவமை காட்டுகின்றது. சிறுமை என்னும் இவ்வடை அருந்ததிக்கு நன்கு பொருந்தும். அதன் ஒளி அருகிலுள்ள வசிட்ட மீனின் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. பரிபாடலும் அருந்ததியை ஒரு மீனாகவே சுட்டுகின்றது. ஆதலின், சிலப்பதிகாரத்துள் கண்ணகிக்கு உவமையாய் வரும் வடமீனும் அருந்ததியே எனக் கோடல் தகும்.

இம்மண்டிலம் பற்றி வானூலார் கண்டனவும் அறியத்தக்கன. வசிட்ட மீன் இரட்டை என்பதைக் கலிலியோ 1617 இல் தொலைநோக்கியால் கண்டார். அவ்விரண்டும் தனித்தனியே இரட்டைகள் எனவும், அருந்ததியும் ஓர் இரட்டையே எனவும் பின்னர்ப் புலனாயின. அருந்ததியின் துணைமீன் அறியப்பட்டது 2009 இல் ஆகும். ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இவ்விணை, இங்ஙனம் ஆறு மீன்களின் தொகுதி ஆகின்றது. எழுமீனுள் இடைப்பட்ட ஐந்தும் ஒரே திசையில் ஒருங்கு இயங்கும் உறவின. இரு கோடியிலும் உள்ள மரீசியும் கிரதுவும் அவ்வுறவில் சேரா.

இக்காலக் கண்டுபிடிப்புகளைப் புலவர் முன்னுணர்ந்தனர் என்று புகழ்தல் வேண்டா. வெறுங்கண்ணால் அவர் கண்ட சிறுமையும் திசையுமே வடமீன் இன்னதெனத் துணிதற்குப் போதுமானவை. கதையினும் காட்சியே பாட்டிற்கு முதற்சான்று எனக் கொள்வோமாக.