பட்டாசில் கூடாத ஈயம் ஞாபகப் பொடியில் ஆகுமா?

ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகிய ஐந்தையும் பட்டாசில் எந்த வடிவிலும் சேர்க்கக் கூடாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிவகாசிக்கு நன்றாகத் தெரிந்த உத்தரவுதான். அதில் வரும் முதல் மூன்றும் மருந்து டப்பாவிலும் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வெடித்துப் புகையாவதற்கே ஆகாத ஈயத்தை நாம் பாலில் கலக்கிக் குடிப்பதா? ஈயம் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். மறதிக்கென்று வாங்கிய பொடியே மறதியைக் கொண்டுவரலாம்.

நாற்பது, ஐம்பது வயதில் பெயர்கள் மறந்துபோனால் முதலில் பார்க்க வேண்டியவை தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு, குடிப்பழக்கம். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். பட்டாசு ஆலையில் எந்த ரசாயனத்தைக் கையாளுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூலிகையே வேண்டாம் என்பதல்ல. வல்லாரைத் துவையலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீர்ப்பிரமியை சுமார் மூன்று மாதம் எடுத்தவர்களிடம் சிறு ஆய்வுகள் சிலவற்றில் லேசான முன்னேற்றம் தெரிந்தது. ஜிங்கோவோ, 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் மறதி நோயைத் தடுக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவருக்கு அது ரத்தக்கசிவை வரவழைக்கலாம். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு அளவையும் மாற்றும். எதையும் டாக்டரிடமோ அரசு சித்த மருத்துவரிடமோ கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மூளை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் டப்பாவில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், சேர்மானம் இருக்க வேண்டும். ஊட்டச்சத்துப் பொருளென்றால் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். எதுவும் அச்சிடாத பொட்டலத்தை, யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மருந்தென்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடமும், உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் எழுதிக் கொடுக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் கேட்டு வாங்குங்கள். மிச்சப் பொடியை டப்பாவோடு பத்திரமாக வைத்திருங்கள். சோதனைக்கு அனுப்ப அது வேண்டும்.