பழைய ஹெரால்டுக்கு எந்தச் சேசிஸ்?

செய்யூரில் நமது மண்டிக் கொட்டகையில் நிற்கும் 1968 ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். தகப்பனார் வாங்கியது, வண்டலூர் தயாரிப்பு. அம்பாசிடருக்கும் பழைய ஃபியட்டுக்கும் பாடியே அடிச்சட்டம். ஹெரால்டுக்கோ தனிச் சேசிஸ். போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும்.

உப்பளக் காற்று பாடியைத் தாங்கும் பக்கக் கைகளை அரித்துவிட்டது. 'சானல் இரும்பில் புதுச் சேசிஸே அடித்துவிடலாம், பெரிய இன்ஜினும் தாங்கும்' என்றார் பட்டறைக்காரர். அமெரிக்காவில் 1964 இல் வந்த போன்டியாக் ஜிடிஓ போன்ற வண்டிகளுக்குப் புதுச் சேசிஸ் தயாராகவே விற்கிறார்கள். நமக்கும் சபலம்தான்.

ஆனால் கொள்முதலுக்கு முன் சரக்கைப் பார்ப்பதுதானே நம் வழக்கம்? 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2021 இல் வந்த விண்டேஜ் விதிகளோ, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குத் தனி அந்தஸ்து தந்தாலும், சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்கின்றன. புதுச் சேசிஸ் போட்டால் அந்த அந்தஸ்து போயிற்று. அப்பாவின் வண்டி என்ற பெயரும் பாதி போயிற்று!

பாடியை இறக்கி, மூலைக்கு மூலை கயிறு பிடித்துக் குறுக்களவு பார்த்தோம். இரண்டும் ஒத்திருந்தன, நடுச்சட்டங்கள் கோணவில்லை. எனவே பக்கக் கைகளை மட்டும், பழைய அளவிலேயே, தகடு வெட்டி வெல்டிங் செய்கிறோம். இங்கிலாந்தில் இவை இன்றும் உதிரியாகக் கிடைக்கின்றன. கப்பல் கூலி கட்டுப்படியாகவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, ரசீதோடு கோப்பில் வைக்கிறோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை பாடி கட்டைமேல் இருக்கும்.